பூவாயி கட்டிய முதல் தவணை

ஆறு இன்னும் ஊருக்கு மேற்கே ஓடிக்கொண்டிருந்த காலம். மருதங்குறிச்சி என்ற நாட்டை வல்லபராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நிலையில்லாத மனசு. காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகக் கொடுப்பான். சாயங்காலம் அவனிடமே யானை வரி கேட்பான்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடனில் மூழ்கிப்போனவர்கள் சபைக்கு வந்து, இரண்டு கைகளையும் விரித்து, "என்னிடம் ஒன்றுமில்லை" என்று ராஜா முன்னால் சொல்ல வேண்டும். சொன்னது உண்மையென்றால் கடன் அன்றோடு தீர்ந்தது. இதைக் கைவிரிப்பு என்பார்கள்.

பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கண்டவனும் வந்து கையை விரித்தால் சபைக்கு என்ன மரியாதை? கைவிரிக்க வருகிறவர்கள் வாசலிலேயே பத்து வெள்ளிப் பணம் கட்ட வேண்டும் என்று ராஜாவிடம் உத்தரவு வாங்கிவிட்டார். அதன்பிறகு கூட்டம் ஓய்ந்தது. பட்டு வியாபாரிகள் சிலர் மட்டும் பத்துப் பணத்தைக் கட்டி, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பல்லக்கில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

"பார்த்தீரா, நாட்டில் ஏழைகளே குறைந்துவிட்டார்கள்!" என்று மந்திரி இளநாகரிடம் பெருமையாகச் சொன்னார் திருமேனிநாதர். ராஜா எதற்கெடுத்தாலும் இளநாகரையே கூப்பிடுகிறானே என்ற எரிச்சல் அவருக்கு வெகுநாளாக உண்டு.

இப்படியிருக்கையில் பூவாயி என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கூலிக்கு நெல் குத்திப் பிழைக்கிறவள். புருஷனின் வைத்தியத்துக்காக வாங்கிய கடன். ஆள் போய்விட்டான், கடன் மட்டும் நின்றது. அமாவாசைக்குள் அடைக்காவிட்டால் ஆயுசு முழுக்க வட்டிக்காரன் வீட்டில் அடிமை வேலை என்று சீட்டில் கைநாட்டு வைத்திருந்தாள். அமாவாசைக்கு இன்னும் பத்தே நாள். காவலர்கள் பத்துப் பணம் கேட்டார்கள். அவள் கட்டவும் இல்லை, நகரவும் இல்லை. விஷயம் சபைக்கு வந்தது.

"மகாராஜா, பத்துப் பணம் இருந்தால் அவள் ஏன் கைவிரிக்க வருகிறாள்?" என்றார் இளநாகர்.

திருமேனிநாதர் சிரித்தார். "இது ஒரு பெரிய காரியமா மந்திரியாரே? வெற்றிலை பாக்கை விட்டால் தினம் ஒரு பணம் மிச்சம். பத்து நாளில் தானாகச் சேர்ந்துவிடும்."

ராஜாவும் தொடையைத் தட்டி, "அதானே!" என்றான்.

"நல்ல யோசனை" என்றார் இளநாகர், முகம் மாறாமல். "அப்படியானால் பொக்கிஷ அதிகாரியே தினமும் அவள் வீட்டுக்குப் போகட்டும். அவள் எதை விடுகிறாளோ அதைத் தம் கையாலேயே வாங்கி வரட்டும். தம் மடியிலிருந்து ஒரு காசும் சேர்க்கக் கூடாது. பத்து நாளில் பத்துப் பணம் சேர்ந்தால் என் மந்திரி முத்திரை மோதிரம் அவருக்கு."

பந்தயம் என்றால் ராஜாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உடனே சம்மதித்தான். திருமேனிநாதருக்கோ முத்திரை அப்போதே விரலில் ஏறிவிட்டது.

சாயங்காலம் பூவாயியின் குடிசைக்குள் குனிந்து நுழைந்தார். "உன் வெற்றிலைப் பெட்டி எங்கே?"

"வெத்திலையா? என் கல்யாணத்தன்னிக்குப் போட்டது சாமி."

"விளக்குக்கு எண்ணெய் வாங்குவதையாவது விடு."

"வெளிச்சம் இருக்கும்போதே படுத்துடுவேன்."

"கூலியில் ஒரு காசு எடுத்து வையேன்!"

"கூலியைக் காசாவா குடுக்குறாங்க? நொய்யாத்தான் அளந்து போடுறாங்க. நான் காசைப் பாத்தே வருசமாச்சு."

அவர் நம்பவில்லை. பானையைக் கவிழ்த்தார், பாயை உதறினார், கூரைச் செருகலில் கைவிட்டுத் துழாவினார். உலக்கைகூட அவளுடையது இல்லையாம். "எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்?" என்று அதட்டினார்.

பூவாயி கொஞ்ச நேரம் யோசித்தாள். "ராத்திரிக் கஞ்சியை விட்டுடுறேன் சாமி" என்று சொல்லி, ஒரு கை நொய்யரிசியை அவர் அங்கவஸ்திரத்தில் போட்டாள். அவரும் வாங்கிக்கொண்டார். முத்திரை ஆசை அவரை வாங்க வைத்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மறுநாளும் போனார். கேட்காமலேயே கொடுத்தாள். எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடியே கொடுத்தாள். அன்று வீட்டில் மனைவி பரிமாறிய சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை. "வசூல் எவ்வளவு?" என்று ராஜா உற்சாகமாகக் கேட்டான்.

திருமேனிநாதர் துணி முடிச்சை அவிழ்த்தார். "நொய்யரிசி, மகாராஜா. அவள் வீட்டில் விடுவதற்கு வேறெதுவும் இல்லை. இரண்டு நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள்."

இளநாகர் எழுந்து கைகூப்பினார். "இதைப் பொக்கிஷத்தில் எங்கே வைப்பது மகாராஜா? தங்கத்தோடா, முத்துக்களோடா? உத்தரவு சீக்கிரம் வேண்டும். இன்னும் எட்டு நாள் வசூல் பாக்கி இருக்கிறது. அதுவரை அவள் இருப்பாளா என்பதுதான் தெரியவில்லை."

ராஜாவின் முகம் சுருங்கிப்போனது. "போதும். இன்றோடு வாசல் கட்டணம் ஒழிந்தது. அந்த அம்மாளை அழைத்து வாருங்கள்" என்றான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி இளநாகரிடம் நீட்டினான்.

"முதலில் அவள் கஞ்சி குடிக்கட்டும் மகாராஜா. மாலை எங்கே போய்விடப் போகிறது?" என்றார் மந்திரி.

பூவாயி கஞ்சி குடித்துவிட்டு, சபை நடுவில் வந்து நின்று, காய்த்துப்போன கைகளை விரித்தாள். "என்கிட்ட ஒண்ணுமில்ல சாமி."

சபைக்கு வந்திருந்த வட்டிக்காரன் குதித்து எழுந்தான். "பொய் மகாராஜா! இவர்கள் எங்காவது புதைத்து வைத்திருப்பார்கள். இவள் சொல்வதற்கு யார் சாட்சி?"

திருமேனிநாதர் தம் ஆசனத்தை விட்டு இறங்கினார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பூவாயியின் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் சாட்சி. பானையைக் கவிழ்த்தவன் நான். பாயை உதறியவனும் நான்தான். ஒன்றுமில்லை மகாராஜா. இருந்த ஒரு கை அரிசியையும் நான்தான் எடுத்து வந்தேன்."

ராஜா கடன் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டான். "திருமேனிநாதரே, இனிக் கைவிரிக்க வருகிறவர்கள் வீட்டுக்கெல்லாம் நீரே போய்ப் பார்த்து வந்து சாட்சி சொல்ல வேண்டும். இதுதான் உமக்குத் தண்டனை."

"போகிறேன் மகாராஜா" என்றார் திருமேனிநாதர். "ஆனால் வெறுங்கையோடு போக மாட்டேன்."