சாரைக்கு ஒரு பெட்டி

உலகநாத ஆசாரி செய்த பெட்டிக்குள் எறும்பு நுழையாது என்று ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் கூடுதல். காற்றுக்குத் துளை போட்டால் எறும்பு நுழையத்தான் செய்யும். எறும்பைவிடப் பெரிசாக ஒன்று உள்ளே போகவோ வெளியே வரவோ முடியாது, அவ்வளவு நிச்சயமான கை. அந்தக் கைதான் இந்தத் தடவை வினையாகிப் போனது.

ஆசாரிக்கு வயது அறுபது. அவருடைய குருவுக்கோ நாற்பதுகூட நிறையவில்லை. மலையடிவாரத்தில் தனியாகக் குடிசை போட்டிருந்த அந்தப் பெண்துறவியை எல்லோரும் சாமியம்மா என்றார்கள். காவி கட்டுவதற்கு முன்னால் மாட்டாஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார், ஆசாரி இரண்டு ஆள் பேச்சும் சேர்த்துப் பேசுவார்.

அமாவாசைக்கு அமாவாசை அவரைப் பார்க்க வருகிற ஆசாரி, அன்றைக்கு மாத நடுவிலேயே வந்து நின்றார்.

“அம்மா, ஒரு கேள்வி. எம் மக மங்கை போன் போட்டு அழுதா. வந்து கூட்டிட்டுப் போங்கப்பாங்கா. புளியங்குடியில கட்டிக் கொடுத்து இன்னும் வருஷம் திரும்பல. வயித்துல அஞ்சு மாசம் வேற. போய்க் கூட்டிட்டு வரவா, பொறுத்துப் போன்னு சொல்லவா?”

சாமியம்மா மடியில் ஒரு சாரைப்பாம்பு கிடந்தது. குட்டியிலிருந்து அந்தக் குடிசைக்குள் தன் இஷ்டத்துக்கு வந்து போய் வளர்ந்தது. முந்தின நாள் ஏதோ வண்டி ஏறி வால் நசுங்கிவிட்டது.

“இதுக்கு ஒரு பெட்டி செய்து தாங்க ஆசாரியாரே. வால் ஆறுற மட்டும் அலையக்கூடாது.”

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் பெட்டி என்றதும் ஆசாரிக்குக் கை பரபரத்தது. பலாப்பலகை கொண்டுவந்து போட்டார். இழைப்புளி ஓட ஓட வாயும் ஓடியது.

“அங்க என்ன கஷ்டமாம் அவளுக்கு?” என்று கேட்டார் சாமியம்மா.

“வெளிய விடமாட்டேங்காங்களாம், சோறு சரியா இல்லையாம், என்னென்னமோ சொல்லுதா. செல்லமா வளர்ந்த பிள்ளை. எல்லாமே மலையாத்தான் தெரியும்.”

“மாப்பிள்ளை?”

“தங்கமான பையன்மா! வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாது. மாமியார்க்காரி, ஊதினாப் பறந்துருவா. எம் மக லேசுப்பட்டவளா? அவ போட்ட சத்தத்துல ரேஷன் கடைக்காரன் கடையைச் சாத்திட்டு ஓடியிருக்கான். அவளைப் போய் அதுக என்ன செஞ்சிரும்? இன்னும் கொஞ்ச நாள்ல அவளே பெட்டிப்பாம்பா அடங்கிருவா.”

சாமியம்மா நிமிர்ந்து பார்த்தார். 

பெட்டி முடிந்தது. அடியில் மணல், மூலையில் தண்ணீர்ச் சட்டி, பக்கப் பலகையில் வரிசையாகப் பொடித் துளைகள், மேலே கீல் போட்ட மூடி, மூடிக்கு இரும்புக் கொண்டி. ஆசாரி தட்டிக் காட்டினார். ஓசையிலேயே உறுதி தெரிந்தது.

“அது ஒளியுறதுக்கு இடம் எங்க?” என்றார் சாமியம்மா.

“ஒளியவா? இதுக்குள்ள அதை யாரும்மா என்ன செய்யப் போறா?”

“ஒரு உடைஞ்ச பானையாவது கவுத்தி வைங்க.”

சரி என்று ஆசாரி தலையாட்டினார். பளபளவென்று இழைத்த பெட்டிக்குள் ஓட்டுச்சில்லா என்று மனசு ஒப்பவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் ஆசாரியைக் குடிசையில் காவல் வைத்துவிட்டு, சாமியம்மா பக்கத்து ஊருக்குக் கிளம்பினார். “நாளைக் கழிச்சு வந்திருவேன். பாம்புக்குக் கண்ணு வெளுத்திருக்கு, சட்டை உரிக்கப் போகுது. இப்ப அதுக்குப் பார்வை மங்கல். தண்ணி மட்டும் மாத்துங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஒன்றும் வேண்டாம் என்றால் கேட்கிற மனுஷனா ஆசாரி? பாம்பு சுருண்டு கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டினி போட்டுவிட்டோம் என்ற பழி நமக்கெதற்கு என்று நினைத்தார். அடுப்படிப் பொறியில் அன்று ஓர் எலி விழுந்திருந்தது, நல்ல வளர்ந்த எலி. சாரைக்கு எலி என்றால் கல்யாண விருந்தல்லவா? உயிரோடு பெட்டிக்குள் தட்டிவிட்டு, மூடிக் கொண்டியை மாட்டினார்.

மத்தியானம் சாப்பிட்டுத் தலையைச் சாய்த்தபோது பெட்டிக்குள் தடதடவென்று சத்தம் கேட்டது. நடுவில் ஒரு சீறல்.

“அப்படிப் போடு!” என்று படுத்தபடியே சிரித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் மங்கையிடமிருந்து போன் வந்தது. எடுத்தால் அழுவாள். சாப்பிட்ட வயிற்றோடு அழுகை கேட்க வேண்டாம், தூங்கி எழுந்து பேசலாம் என்று சத்தத்தை அணைத்து, அதைத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தார். எழுந்தபோது மறந்துவிட்டது.

இரை எடுத்த பாம்பைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார். மறுநாளும் சாக்கை எடுக்கவில்லை. தண்ணீரைக்கூட மாற்றவில்லை.

சொன்னபடியே மூன்றாம் நாள் சாமியம்மா வந்தார்.

“வாங்கம்மா, உங்க பிள்ளைக்கு விருந்தே வச்சிருக்கேன்” என்று ஆசாரி சாக்கை உருவி, கொண்டியைத் தட்டி, மூடியைத் திறந்தார்.

எலி அவருடைய முழங்கையில் ஏறித் தோள் வழியாகக் குதித்து ஓடியது. வயிறு புடைத்திருந்தது. “அய்யய்யோ!” என்று கத்திப் பின்னால் விழுந்தவர், எழுந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

சாரையின் முதுகில் சாண் நீளத்துக்குத் தோல் இல்லை. சதை இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அது இன்னும் உயிரோடு இருந்தது. தலையை மட்டும் மெதுவாகத் தூக்கிப் பலகையில் முட்டி, மறுபடி தூக்கி மறுபடி முட்டியது. அந்த மூலையில் மணலே இல்லை, முட்டி முட்டித் தள்ளியிருந்தது.

  சாமியம்மா ஒரு கணம் கையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு இரண்டு கையாலும் பாம்பை ஏந்தி மடியில் வைத்து, மஞ்சளும் துணியும் எடுத்தார்.

“எலியா?” என்றார் ஆசாரி. “பாம்பை எலியாம்மா?”

“அதுக்குப் பசி.”

“இது சாரையாச்சே! ஒரே ஒரு கடி கடிச்சிருந்தா...”

“கண்ணு தெரியாத நேரம். வெளியில இருந்தா எழுந்து போயிருக்கும்.”

“நான் நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.”

“சத்தம் கேட்டுதா?”

“கேட்டுது.” ஆசாரியின் குரல் இறங்கிவிட்டது. “இதுதான் எலியைப் போட்டு அடிக்குதுன்னு நெனச்சேன்.”

சாமியம்மா துணியைக் கிழித்தார். 

 ஆசாரி திடீரென்று சட்டைப்பையைத் தடவிப் போனை எடுத்தார். முந்தாநாள் மத்தியானம் மங்கை ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. இவர் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டார். அதே குரல்.

 எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். உளியும் இழைப்புளியும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

“நான் போறேன்மா. புளியங்குடி பஸ் இப்ப வரும்.”

சாமியம்மா தலையசைத்தார்.

வாசல் வரைக்கும் வேகமாகப் போனவர், படியில் நின்றுவிட்டார். அறுபது வருஷத்துப் பழக்கம், லேசில் விடுமா? திரும்பிக் கேட்டார்.

“அவங்க வீட்ல போய் என்னன்னு சொல்லிக் கூட்டிட்டு வர? மாப்பிள்ளை கேப்பார்லா, சம்பந்தி கேப்பாங்கல்லா? நாலு பேருக்கு முன்னால ஒரு காரணம் சொல்லணும்லாம்மா?”

சாமியம்மா மடியிலிருந்த பாம்பின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“இப்ப மூடியைத் திறந்தீங்களே ஆசாரியாரே, எலிகிட்ட காரணம் சொல்லிட்டா திறந்தீங்க?”