தவளைக்கு ஒரு தையல்

விலங்கியல் ஆசிரியர் அருணகிரி செய்முறைக் கூடத்துக்குள் வந்தாலே பதினொன்றாம் வகுப்பில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அன்று மேஜைக்கு மேஜை மயக்க மருந்து கொடுத்த தவளை ஒன்று கிடந்தது. எல்லாரும் கத்தியைக் கையில் எடுத்தார்கள். பல்கீஸ் மட்டும் எடுக்கவில்லை.

"எனக்கு மனசு வரலை சார். அலமாரியில இருக்குற பொம்மைத் தவளையைக் கழற்றி எல்லா உறுப்பையும் காட்டுறேன்."

"டாக்டராகப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற, அறுக்கப் பயமா? இன்னிக்கு அறுக்கலைன்னா உனக்குச் செய்முறை மதிப்பெண் பூஜ்யம்!"

பல்கீஸுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கத்தியை எடுத்தாள்.

"சரி சார். டாக்டர் மாதிரியே அறுக்கணும்ல?"

"அப்படித்தான்!"

"அப்போ ஊசி நூலும் வேணும் சார். டாக்டர் அறுத்தா, தச்சுப் பிழைக்க வச்சு வீட்டுக்கு அனுப்புவாரு. முதல்ல நீங்க ஒரு தவளைக்கு அப்படிச் செஞ்சு காட்டுங்க. அது தத்திக்கிட்டுப் போனதும் நான் ஆரம்பிக்கிறேன்."

கூடமே சிரித்தது. இத்தனை வருஷம் தவளை அறுத்த அருணகிரி ஒன்றைக்கூடத் தைத்ததில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசு வராதவங்க கத்தியைக் கீழே வைங்க. பொம்மையை எடுத்துட்டு வரேன். மதிப்பெண் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

ஒவ்வொரு மேஜையாகக் கத்தி வைக்கும் சத்தம் கேட்டது. மாலையில் மயக்கம் தெளிந்த தவளைகளை வாளியில் போட்டு, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்குக் கொண்டுபோனார்கள். வாளி கனத்தது. அருணகிரியும் ஒரு கை பிடித்தார்.