கிணற்றுச் சுவரில் கல் நீட்டிய கதை

ஒரு விடுகதை போடுகிறேன். முதுகிலே கூரை, கூரைக்குள்ளே ஆள். கூரையோடு பிறந்தவன் நிழலைத்தானே விரும்புவான்? இவனோ வெயில் இல்லாவிட்டால் படுத்துவிடுவான். யார் இவன்? யோசித்தபடியே கேளுங்கள். விடை தானாக நடந்து வரும், கொஞ்சம் மெதுவாக.

அந்தக் காலத்தில் உயிர்கள் எல்லாம் ஒரே மொழி பேசின. காகம் சொன்னது ஆட்டுக்குப் புரிந்தது. ஆடு முணுமுணுத்தது ஆட்டுக்காரனுக்கும் புரிந்தது. அதனால் ஊர்களில் சண்டைக்குப் பஞ்சமில்லை.

அப்போது செம்மணல் தேரியின் ஓரத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. அங்கே வெயில் என்றால் அப்படியொரு வெயில். மணலில் கால் வைத்தால் கொப்புளம்தான். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் எதன்மேல் அன்பு வைத்தாலும் அதை நிழலில் வைத்தார்கள். கன்றுக்குட்டிக்குப் பந்தல், முருங்கைக் கன்றுக்கு ஓலைத் தடுப்பு, பிள்ளைக்குத் தாயின் முந்தானை. வற்றலுக்கும் கருவாட்டுக்கும் மட்டுமே வெயில்.

அந்த ஊரில் உலகம்மை என்றொரு சிறுமி இருந்தாள். அவளுடைய அப்பா மாசானம் கிணறு வெட்டி, உள்சுவருக்குக் கல் கட்டுகிறவர். அவர் கட்டிய சுவரில் பல்லிகூட வழுக்கும் என்று ஊரில் பேச்சு. அம்மா பிரமாச்சிக்கு வீட்டுக்குப் பின்னால் நீளமான ஒரு துவைகல் உண்டு. அதில் அவள் துணி அடித்தால் அடுத்த தெருக் குழந்தை விழித்துக்கொள்ளும்.

உலகம்மைக்கு ஓர் ஆமை வளர்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒரு கோடையில் குளம் சுருங்கி, ஆமைகள் சேற்றுக்குள் புதையத் தொடங்கியபோது அவள் கரையில் போய் நின்றாள்.

"என்கூட யாராச்சும் வாரீயளா? நல்லா வச்சுக்கிடுவேன்."

மூன்று ஆமைகள் தலையைத் தூக்கின. முதல் ஆமையின் ஓடு எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. ஆனால் ஒரு கண் ஒட்டிக்கொண்டிருந்தது, மூக்கில் நீர்க்குமிழி. இரண்டாவது ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தபடியே, "என்னைக் கூட்டிப் போ தாயி. நான் சாப்பாடே கேக்க மாட்டேன்" என்று குழைந்தது. மூன்றாவது அவளை மேலும் கீழும் பார்த்தது.

உலகம்மை ஒவ்வொன்றின் பின்னங்காலையும் பிடித்து மெல்ல இழுத்தாள். முதல் இரண்டின் கால்களும் அவள் கையிலேயே துவண்டு கிடந்தன. மூன்றாவது வெடுக்கென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டு சீறியது.

"விடுட்டி காலை! கத்தரிக்காயா வாங்க வந்திருக்கே, அமுக்கிப் பாக்க?"

'திட்டுகிறவனுக்குத் தெம்பு இருக்கிறது' என்று உலகம்மை நினைத்தாள். "நீதான் வேணும்" என்றாள்.

"வாரேன். ஆனா ஒரு சத்தியம் பண்ணு. என் வெயிலை எங்கிட்டேருந்து எடுக்கக் கூடாது."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் வெயிலைத் திருட யார் வருவார்கள்? சத்தியம் செய்துகொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இருப்பதிலேயே பெரிய மண்பானையைத் தேடி எடுத்தாள். வீட்டின் குளிர்ந்த மூலையில் அதை வைத்துத் தண்ணீர் ஊற்றி, ஆமையை விட்டு, பானையின் வாய்க்கு ஈரத்துணி கட்டினாள். பழைய சோற்றைக் கரைத்து ஊற்றினாள். தன் பங்கு மோரையும் கொஞ்சம் ஊற்றினாள்.

"வெயில் எங்கே?" என்று ஆமை கேட்டது.

"ஆத்தாடி! உன்னைக் கொண்டுபோய் வெயில்ல போடுவேனா? நான் என்ன அவ்வளவு பொல்லாதவளா?"

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஆமை புகுந்த வீடு உருப்படுமா?" என்று முகத்தைச் சுளித்தாள்.

"வீடு புகுந்த ஆமை மட்டும் உருப்படுமாக்கும்?" என்று பானைக்குள்ளிருந்து பதில் வந்தது.

நாள்கள் போயின. சோறு புளித்துத் தண்ணீர் நாறியது. ஆமையின் பேச்சு குறைந்தது. ஒருநாள் காலையில் உலகம்மை கூப்பிட்டபோது பானைக்குள்ளிருந்து ஒரு வசவுகூட வரவில்லை. பதறித் துணியை அவிழ்த்து ஆமையை வெளியே எடுத்தாள். கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஓட்டின் விளிம்பில் கட்டைவிரல் பட்டதும், ஊறிய பனையோலைபோல் அது வளைந்தது. அவள் பின்னங்காலைப் பிடித்து இழுத்தாள்.

கால் அவள் கையிலேயே கிடந்தது.

"செத்துராதே," என்றாள் உலகம்மை. "என்ன செய்யணும்னு சொல்லு. செய்யுதேன்."

"சத்தியம் பண்ணியே," என்றது ஆமை. அவ்வளவுதான் அதற்கு முடிந்தது.

உடனே முற்றத்து வெயிலில் அதை வைத்தாள். முதலில் கழுத்து நீண்டது. ஒரு கண் திறந்தது. சற்று நேரத்தில் அதற்கு மூச்சு வாங்கியது. மேலே பருந்து வட்டமிட்டது. ஆமையை மறுபடி பானைக்குள் விட்டு, பானையைத் தூக்கி வெயிலில் வைத்தாள். தண்ணீர் ரசமாகக் கொதித்தது. அவள் அழவில்லை. ஆமையை வெளியே எடுத்தாள். ஆமையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "விளக்கமாச் சொல்லு" என்றாள்.

"எனக்குக் காய வெயில் வேணும். போதும்னு தோணுனா தொப்புன்னு விழ ஆழமான தண்ணி வேணும். எப்போ ஏற, எப்போ விழன்னு நான்தான் முடிவு பண்ணணும். திங்கிறதுக்கு நத்தை, பூச்சி, பாசி போதும். உன் மோரை நீயே குடி."

குளத்தில் இப்போது தண்ணீர் இல்லை. ஊரிலேயே ஆழமான தண்ணீர் ஓரிடத்தில்தான் இருந்தது: மாசானம் கட்டிக்கொண்டிருந்த புதுக்கிணற்றில். உலகம்மை ஆமையை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

கிணற்றுக்குள் உச்சி வெயில் இறங்கியிருந்தது. ஆனால் சுவரோ வழவழவென்று இருந்தது. அதில் ஆமை எதைப் பிடித்து ஏறும்? அவள் மரஏணியில் இறங்கி, வடக்குச் சுவரில், தண்ணீரை ஒட்டி, அடுத்த கல்லுக்காக விட்டிருந்த இடைவெளியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெயில் அங்கேதான் நன்றாக விழுந்தது.

"ஏட்டி, எந்திரி. கல்லு வைக்கணும்" என்றார் சாரத்தில் நின்ற மாசானம்.

"நீளக்கல்லா வைங்கப்பா. பாதி சுவருக்குள்ள, பாதி வெளியே. ஆமை ஏறிக் காயணும்."

"கிணத்துக்குள்ள கல்லு துருத்திக்கிட்டு நிக்கவா? மாசானம் கட்டுன கிணத்துக்குப் பல்லு முளைச்சிருக்குன்னு ஊரே சிரிக்கும். குடம் இடிச்சு உடையும்."

"தண்ணி எடுக்குறது தெக்குப் பக்கம். இது வடக்கு. குடம் இடிக்காது."

"எந்திரின்னேன்."

"எந்திரிக்க மாட்டேன். நான் சத்தியம் பண்ணிட்டு அதை மீறிட்டேன்ப்பா. இது செத்தா நான்தான் கொன்னவ."

மாசானம் அவளை ஒரு கையால் தூக்கிவிடக்கூடியவர்தான். அவர் கையை நீட்டினார். அவள் மடியில் ஒரு வீங்கிய கண் அவரைப் பார்த்தது. நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அவ்வளவு நீளக்கல்லு எங்கிட்ட இல்லியே."

"வீட்டுல இருக்கு."

மாசானம் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பிரமாச்சியின் குரல் கிணற்றின் மேலே கேட்டது. "என் துவைகல்லா? அப்போ நான் துணியை எங்கே அடிக்க? உங்க அப்பா முதுகுலயா?"

"மழை பெய்யிற வரைக்கும் நானே குளத்துப் பாறையில துவைச்சுத் தாரேம்மா. தண்ணியும் நானே சுமந்துட்டுப் போறேன்."

பிரமாச்சி எட்டிப் பார்த்தாள். மகள் வெயிலில், தலையில் துணிகூட இல்லாமல், ஆமையோடு உட்கார்ந்திருந்தாள். பிரமாச்சி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். துவைகல் கயிற்றில் இறங்கி வந்தது.

பாதி உள்ளே, பாதி வெளியே என்று மாசானம் அதைச் சுவரில் பதித்தார். தட்டிப் பார்த்தார். பிறகு அவரே யோசித்துவிட்டு, "மழை வந்தா தண்ணி ஏறுமே. இந்தக் கல்லு முங்கிருமே" என்றார். "வச்சது வச்சோம், ஒழுங்கா வைப்போம்." இப்படிச் சொல்லிவிட்டு மற்ற நீளக்கற்களை வெட்டிவர ஆள் அனுப்பினார். தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் ஆமைக்கு ஒரு கல் எட்ட வேண்டும் என்று, ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சற்றுச் சற்றுத் தள்ளி, விளிம்புவரை கற்களை நீட்டிக் கட்டினார்.

ஆமை துவைகல்லில் காய்ந்தது, போதும் என்று தோன்றியதும் தொப்பென்று விழுந்தது, மறுபடி ஏறியது. நத்தை தின்றது. தண்ணீரில் நெளிந்த கொசுப்புழுவையெல்லாம் தின்றது. கண் வீக்கம் வடிந்தது. ஓடு இறுகியது. ஒருநாள் ஊரார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது, "மெதுவாட்டி! என் தலையில குடத்தைப் போடவா பாக்குறே?" என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. உலகம்மை அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனாலும் அவளுக்கு அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஓர் உச்சிவேளையில் பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் கயிறு கட்டி எடுத்து வந்து, கிணற்று விளிம்பில் குனிந்தாள்.

"பட்டையை விடுதேன், ஏறிக்கோ. வீட்டுக்குப் போவோம். முற்றத்துலயே வச்சுக்கிடுதேன். வெயில் காட்டுதேன்."

ஆமை துவைகல்லில் நான்கு கால்களையும் பரப்பிப் படுத்திருந்தது. கழுத்தை நன்றாக நீட்டி அவளை அண்ணாந்து பார்த்தது.

"நீ காட்டுற வெயில் வேண்டாம் புள்ளே. ஆனா நீ வேணும். உனக்கு நீச்சல் தெரியும். கல்லும் இருக்கு."

உலகம்மை கையிலிருந்த பட்டையைப் பார்த்தாள். சுவரில் நீண்டு நின்ற கற்களைப் பார்த்தாள்.

அன்று முதல்தான் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் சுவரிலிருந்து கற்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மனிதர் இறங்குவதற்காக வைத்தவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அன்று முதல்தான் புதுக்கிணற்றில் ஓர் ஆமையை விடுகிறார்கள். அது உச்சி வெயிலில் கல்லில் ஏறி, கழுத்தை நீட்டி மேலே பார்க்கிறது.

உலகம்மை பட்டையைக் கரையில் வைத்தாள். முதல் கல்லில் கால் வைத்துக் கிணற்றுக்குள் இறங்கினாள்.