இருப்பதற்கு மூன்று வேர்

சிறுமலை அடிவாரத்தில் சிவகாமி அம்மாவின் ஆசிரமம். அங்கே சீடர்கள் கொஞ்சம்தான். அவர்களில் பேராசிரியர் நமசிவாயம் அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பத்தைந்து வருஷம் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனுஷன், ஓய்வு பெற்ற பிறகும் சொற்களை விட்டபாடில்லை.

மறுநாள் காலை மதுரை ஆஸ்பத்திரியில் அவர் மனைவி தெய்வானைக்கு ஆபரேஷன். மார்பில் கட்டி. இவரோ பதினொரு நாளாக ஆசிரமத்திலேயே கிடந்து, ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைக் குடைந்துகொண்டிருந்தார்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது நோட்டோடு வந்து நின்றார்.

“அம்மா, இங்கிலீஷ்ல ‘பி’ங்கிற வினை இருக்கே, இருத்தல், அதைவிடச் சாதாரணமான சொல் கிடையாது. ஆனா அது ஒரு சொல்லே இல்லை. மூணு வேர் ஒட்டிக்கிட்டு நிக்குது.”

“சொல்லுங்க.”

“‘இஸ்’ வந்த வேர்ல வந்ததுதான் சமஸ்கிருதத்துல ‘அஸ்தி’ங்கிற வினை. உண்டுன்னு சொல்றது, அவ்வளவுதான். ‘பி’ வந்த வேருக்கு வளர்றது, ஆகிறதுன்னு அர்த்தம். ‘வாஸ்’ வந்த வேர்தான் நம்ம வாசம். ஒரு இடத்துல தங்குறது. இந்த மூணுல எது நிஜமான இருத்தல்? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரலை.”

அம்மா ஒரு முற்றின தண்டைக் கிள்ளி எறிந்தார்.

“உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன் நாளைக்குத்தானே?”

“காலைல ஏழு மணிக்கு.”

“கூட யாரு?”

“அவ தங்கச்சி. நான் போய் என்ன ஆகப்போகுது? கத்தி பிடிக்க டாக்டர் இருக்கார், மருந்து கொடுக்க நர்ஸ் இருக்காங்க. எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுத்தும்.”

“அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?”

நமசிவாயம் நோட்டை மூடினார். “நான் பக்கத்துல இருந்தாப் போதும்னு சொன்னா.”

அவருக்குப் பயம். தெய்வானை இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினொரு நாளாக அதைத்தான் மறைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அம்மா எழுந்து போய் அவருடைய பையை எடுத்துவந்தார். கொடியில் காய்ந்த வேட்டியை மடித்து உள்ளே வைத்தார். நோட்டை மட்டும் வாங்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

“நாலரைக்கு மதுரை பஸ்.”

“அம்மா, நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே?”

அம்மா பையை அவர் தோளில் மாட்டினார்.

“சரி, போறேன். அங்க போய் நான் என்ன செய்யணும்? அதையாவது சொல்லுங்க.”

“கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டிருப்பாங்க. அதுல உட்காருங்க.”