ராஜாவின் நகம்

முன்னொரு காலத்தில் மருதங்கோடு என்ற நாட்டை மகுடேசன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். குளிக்கும்போதுகூடக் கிரீடத்தைக் கழற்றாத ராஜா. காரணம் வேறொன்றுமில்லை, உள்ளே ஒரு முடிகூடக் கிடையாது. இந்த ரகசியம் நாட்டுக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பதுதான் அங்கே ராஜவிசுவாசம்.

ஒருநாள் வல்லபராயர் என்ற சபைப் பிரபு அரசரின் காதைக் கடித்தார். "மகாராஜா, காட்டில் அலங்கு என்றொரு பிராணி. எறும்பும் கறையானும் தின்னும். உடம்பெல்லாம் செதில், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அந்தச் செதிலை அரைத்துத் தின்றால் முடி காடாக வளரும். அடியேனே தின்றிருக்கிறேன்!"

அவ்வளவுதான். ராஜா தின்கிறார் என்றதும் ஊரே தின்றது. இடுப்புவரை கூந்தல் உள்ளவர்களும் தின்றார்கள். காட்டில் அலங்குகள் குறையக் குறைய, கறையான் பெருகி அரண்மனைக்கே குடிவந்தது. சிங்காதனத்தின் ஒரு காலை அரித்துத் தீர்த்தது. ராஜா சாய்ந்தபடியே நீதி வழங்கினார்; தீர்ப்புகளும் அந்தப் பக்கமே சாய்ந்தன.

கடைசியாக மிஞ்சியது ஒரு தாய் அலங்கு. வாலில் குட்டியைச் சுமந்துகொண்டு அமைச்சர் தேனப்பர் வீட்டுக் கொல்லையில் வந்து ஒளிந்தது. தேனப்பர்மேல் எப்போதும் வயிறெரியும் ராயர் அதையும் மோப்பம் பிடித்து ராஜாவிடம் சொல்லிவிட்டார்.

"தேனப்பரே, நாளைக் காலை அந்தப் பிராணி சபைக்கு வர வேண்டும். வராவிட்டால் நீர் கழுதையில் ஏறி நாட்டைவிட்டே போக வேண்டும்!" என்றார் ராஜா.

வீட்டுக்குப் போனார் தேனப்பர். அவரைக் கண்டதும் தாய் குட்டியை உள்ளே வைத்துச் சுருண்டுகொண்டது. "நீ சுருண்டுட்டே தாயி. நான் எங்கே போய்ச் சுருள்றது?" என்றார்.

மறுநாள் அவர் கொண்டுவந்தது ஒரு தணல் சட்டியும் ஒரு வெள்ளிச் செப்பும். ராஜா வெட்டிய நகத்தை அந்தச் செப்பில் வைத்து மேளதாளத்தோடு ஆற்றில் விடுவது அந்த நாட்டு வழக்கம். தேனப்பர் அரண்மனை வைத்தியரிடம் மிச்சமிருந்த ஒரு செதிலை வாங்கி முதலில் தணலில் போட்டார். பிறகு நகத்தைப் போட்டார்.

"வைத்தியரே, வாடையில் வித்தியாசம் உண்டா?"

"இல்லை," என்றார் வைத்தியர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"இரண்டும் ஒரே சரக்கு. ராயரே, நீங்களே சொல்லுங்கள். எறும்பு தின்னும் பிராணியின் சரக்கு உசத்தியா, மன்னருடையது உசத்தியா?"

ராயர் கணக்குப் போட்டார். பிராணியுடையது என்றால் தலை போகும். "மன்னருடையதுதான்! ஆயிரம் மடங்கு!"

ராஜா பூரித்துப்போனார். "செதிலைவிட என் நகமே உசத்தி என்று தண்டோரா போடுங்கள்!"

மதியத்துக்குள் ஊரே கத்தரியும் பாக்குவெட்டியுமாக அரண்மனைக்குள் நுழைந்தது. "ராசா, சுண்டுவிரல் மட்டும் குடு சாமி!" "என் மருமகனுக்கு முன்வழுக்கை, கட்டைவிரலா பாத்துக் குடுங்க!" மகாராணியின் தம்பிகூடக் கூட்டத்தில் இருந்தான்.

ராஜா ஓடினார். கிரீடம் உருண்டது. தேனப்பர் தேடிப் பிடித்தபோது, சிங்காதனத்துக்கு அடியில் தலையையும் விரல்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டு கிடந்தார்.

"மகாராஜா, அலங்கும் இப்படித்தான்."

"யோவ், அது வெறும் நகமய்யா! நகத்தைத் தின்றால் எவனுக்காவது முடி முளைக்குமா?"

"இதைச் சொல்ல அதற்கு வாயில்லை. நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும்."

ராஜா மொட்டைத் தலையோடு உப்பரிகையில் நின்று, செதிலும் வெறும் நகம்தான், முடி முளைக்காது என்று சொன்னார். கூட்டம் திகைத்தது. "அப்போ நாம இத்தனை நாளா தின்னது நகமா?" என்றாள் ஒருத்தி. ஊரே தூ தூ என்று துப்பியது.

நழுவப் பார்த்த ராயரின் தலைப்பாகையை ராஜா எட்டிப் பிடித்தார். அது கையோடு வந்தது. உள்ளே ராஜாவுடையதைவிடப் பளபளப்பு.

"தின்றேன் என்றீரே?"

"முளைக்கும் மகாராஜா... கொஞ்சம் தாமதமாகும்..."

அன்றிலிருந்து ராயருக்கு ஒரே வேலை. ஊர் ஊராகப் பறையோடு போய், தலையைக் குனிந்து காட்டி, "தின்றவன் தலை இது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். தேனப்பருக்கு முத்துமாலை கிடைத்தது. அதோடு, காட்டுக்குள் வேட்டைக்கு எவனும் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற ஆணையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

காட்டுக்குத் திரும்பும் வழியில் தாய் அலங்கு, வாலில் குட்டியோடு, சபைக்குள் நுழைந்து சிங்காதனத்துக் கறையானை நக்கத் தொடங்கியது. ராஜா கால்களை மேலே தூக்கிக்கொண்டார்.

"ஒண்ணு விடாமச் சாப்பிடு தாயி," என்றார். "மிச்ச மூணு காலாவது எனக்கு மிஞ்சட்டும்."