இல்மாருக்கு ஒரு பதில்

ராணுவத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று வந்த வேதமாணிக்கம், நாற்பது வயதுக்கு மேல் வலைத்தளம் எழுதும் பிஎச்பி மொழியைப் படிக்க ஹமீதாவிடம் சேர்ந்தார். ஹமீதா அவரைவிட வயதில் இளையவர். பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அவருடைய அறை. இவர் ‘டீச்சர்’ என்பார். அவர் ‘அண்ணாச்சி’ என்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது டீச்சரின் வழக்கம். சில நாள் அதுவும் கிடையாது.

படித்த படிப்பில் வேதமாணிக்கம் ஊருக்காக ஒரு தளம் செய்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் வேண்டும் என்று அதில் பதிந்தால், அந்த வகை ரத்தம் உள்ளவர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி போகும். கைபேசி எண்களைச் சரிபார்க்கும் பகுதியை மட்டும் அவர் எழுதவில்லை. உலகத்தில் யார் யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டுவைக்கிற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டார். பேக்கேஜ் என்று சொல்லப்படும் அந்த நிரல் தொகுப்பை எழுதியவர் பெயர் இல்மார். எந்த ஊர்க்காரர் என்றுகூட அதில் இல்லை.

ஒரு புதன்கிழமை, பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத வகை ரத்தம். ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. கடைசியில் நர்ஸ் வேதமாணிக்கத்துக்கே போன் போட்டார். செய்தி யாருக்குமே போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வகை ரத்தம் உள்ளவர்களை வேதமாணிக்கமே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கல்லூரி வாத்தியார் ஒருவர் வகுப்பை விட்டுவிட்டு ரத்தம் கொடுக்க ஓடினார். சாயங்காலம் நர்ஸ், “ஆபரேஷன் முடிஞ்சிட்டு சார்” என்றார். வேதமாணிக்கம் போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கோளாறு இல்மாரின் பேக்கேஜில் இருப்பது தெரிந்தது. அந்த பேக்கேஜின் பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, மனதில் இருந்ததைக் கொட்டினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சரின் அறைக்கு வந்தார்.

“ஒரு கேள்வி டீச்சர். முகம் தெரியாத ஆளை நம்பி எப்படி புரோகிராம் எழுதுதது?”

“நீங்க எழுதினதைக் காட்டுங்க.”

அவர் தளத்தைத் திறந்தார்.

“இது இல்ல அண்ணாச்சி. அவருக்கு எழுதினது.”

அதைப் பற்றி அவர் டீச்சரிடம் வாய் திறக்கவில்லை. ஆனால் பொதுப் பக்கம்தானே. காது மடல் சுட்டது. பக்கத்தை எடுத்தார்.

“வாசிங்க. தமிழ்ல.”

“இங்கிலீஷ்ல இருக்கு டீச்சர்.”

“அதான் தமிழ்ல.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பொறுப்பில்லாத நீயெல்லாம் எதுக்கு எழுதிப் போடுதே? இங்கே ஒரு தாய் சாகக் கிடந்தா. அந்த ரத்தம் உன் கையிலதான் இருக்கு. பார்த்துக்க முடியலன்னா மூடிட்டுப் போ.”

ஆங்கிலத்தில் எழுதும்போது அது இத்தனை காரமாகத் தெரியவில்லை. கீழே சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் நின்றிருந்தது. கடைக்காரர் கேட்டிருப்பாரோ என்று வேதமாணிக்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டீச்சர் அதே பேக்கேஜின் முகப்புப் பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் தள்ளினார். “இதையும் வாசிங்க.”

“புதிய பதிப்பு, நாட்டுக் குறியீடு இல்லாத எண்களை ஏற்காது. அப்படிப்பட்ட எண்களை வைத்திருப்போர் தயவுசெய்து பழைய பதிப்பிலேயே இருங்கள்.”

பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. அவர் தளத்தில் இருந்த எண்களில் ஒன்றுக்குக்கூட முன்னால் 91 என்ற நாட்டுக் குறியீடு கிடையாது.

“நாம எந்தப் பதிப்பைக் கேட்டிருந்தோம்?”

தளத்துக்கு எந்தெந்த பேக்கேஜ் வேண்டும் என்று எழுதிவைத்திருந்த கோப்பை அவர் திறந்தார். இல்மாரின் பேக்கேஜுக்கு எதிரே பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. எது வந்தாலும் சரி, புதிது வந்தால் கொடு என்று அர்த்தம். அப்படிப் போடக்கூடாது என்று டீச்சர் சொன்ன நாளில் இவர்தான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். புதன்கிழமை காலையில் எல்லாவற்றையும் புதுப்பித்ததும் இவர்தான். ஒரு செய்தியாவது அனுப்பிப் பார்க்காமல் இட்லி சாப்பிடப் போனதும் இவர்தான்.

“நான்தான் டீச்சர்.”

“ம்.”

“எழுதினதை அழிச்சிருதேன்.”

“அழிங்க.”

அவர் கையை நீட்டினார். பிறகுதான் அதற்குக் கீழே இருந்தவை கண்ணில் பட்டன. பாளையங்கோட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆட்கள் வரிசையாக வந்து எழுதியிருந்தார்கள். ‘சரியாகச் சொன்னீர்கள்.’ ‘இந்த ஆள் எப்போதுமே இப்படித்தான்.’ ‘உயிரோடு விளையாடுகிறான்.’ எல்லாம் இவர் போட்ட தீயில் குளிர்காய வந்தவை. பக்கத்தின் உச்சியில் இல்மார் புதிதாக ஓர் அறிவிப்பு வைத்திருந்தார்: ‘இனி என்னால் இதைச் சுமக்க முடியாது. மனமுள்ளவர் யாராவது எடுத்து நடத்துங்கள்.’

வேதமாணிக்கம் கையை இழுத்துக்கொண்டார்.

“உங்களுக்கு அவர் பதில் போட்டிருக்காரே, பார்த்தீங்களா?” என்றார் டீச்சர்.

“வந்திருக்குன்னு தெரியும். திட்டியிருப்பார்னு திறக்கல.”

“திறங்க.”

தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். அவருக்கும் அது சொந்த மொழி இல்லை போலிருந்தது.

‘மதிப்பிற்குரிய வேதமாணிக்கம். குறியீடு இல்லாத எண்களை ஏற்கமாட்டேன் என்று நான் முடிவெடுத்திருக்கக் கூடாது. திருத்திப் போட்டுவிட்டேன். உங்கள் தளம் இப்போது வேலை செய்யும். அந்தத் தாய் எப்படி இருக்கிறார்? குழந்தை எப்படி இருக்கிறது? அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.’

வேதமாணிக்கம் இரண்டாம் முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நிமிர்ந்து டீச்சரைப் பார்க்க முடியவில்லை. எல்லையில் பனியில் நின்ற உடம்பு, ஒரு சின்ன அறையில் எங்கே ஒளிவது என்று தேடியது.

டீச்சர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“தப்பு என் மேலதான்னு எழுதிருதேன் டீச்சர்,” என்றார் அவர். “நட்சத்திரம் போட்டது, சோதிச்சுப் பார்க்காதது, அவர் எழுதிவச்சதை வாசிக்காதது எல்லாத்தையும் எழுதுதேன். அத்தனை பேர் முன்னாடி திட்டினேன், அத்தனை பேர் முன்னாடியே மன்னிப்புக் கேக்கேன். அந்த பேக்கேஜை விட்டுராதீங்க, கூட நின்னு வேலை பார்க்கேன்னும் சொல்லுதேன். ஆனா எப்படி ஆரம்பிக்கன்னுதான் தெரியல.”

“அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லி ஆரம்பிங்க.”

அவர் தலையாட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விசைப்பலகையை இழுத்தார். ‘அந்தத் தாய்’ என்று தட்டினார்.

விரல் நின்றது.

ஆபரேஷன் முடிந்தது என்று நர்ஸ் சொன்னார். அதற்குப் பிறகு? கண் விழித்தாளா? குழந்தை ஆணா, பெண்ணா? அவள் பெயர் என்ன? உலகத்தின் நாலு மூலைக்கும் அவளைப் பற்றி எழுதியவர் அவர். ஆஸ்பத்திரி, அவர் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்.

“எனக்குத் தெரியாது டீச்சர்,” என்றார்.

ஹமீதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரியில ஆறு மணி வரைக்கும் உள்ளே விடுவாங்க, அண்ணாச்சி.”