ஆள் இல்லாத அறை

கடலோர ஊர் ஒன்றின் மீன் கிடங்கில் சந்தியாகுவுக்கு ஐம்பது வயதில் புது வேலை. கிடங்கின் விதிகளை, சாதாரணப் பேச்சு இங்கிலீஷிலேயே எழுதவேண்டும். இயந்திரம் அவற்றைப் படித்து, எழுத்துப் பிசகாமல் நடத்தும். கற்றுக்கொடுத்த பிலோமினா அவரைவிடப் பத்து வயது இளையவள். வித்தைக்கு ஏது மூப்பு?

"முடிச்சிட்டேன் டீச்சர். சின்னப்பிள்ளைக்கும் புரியும். நாளைக்குக் காலையில நாப்பது பொம்பளைங்க குளிரறைக்குள்ள போவாங்க. குறை ஏதும் இருக்கா?"

வாசித்துக் காட்டினார்: "இரண்டு நிமிடம் அசைவு இல்லாத இடத்தில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் விளக்கை அணை, கதவைப் பூட்டு, குளிரைக் கூட்டு. அசைவு தெரிந்தால் திற."

"மிஷின்ல ஏத்திப் பாருங்கண்ணே" என்றாள் பிலோமினா. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் போனாள். ஒரு மீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

இரண்டு நிமிடத்தில் அறை இருண்டது. கதவு பூட்டிக்கொண்டது. வெளியே திரையில் எழுத்து வந்தது: 'மூன்றாம் அறை. ஆள் இல்லை.'

சந்தியாகு கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். தான் நின்ற நடைவழியின் வெளிச்சத்தில் அவள் தெரிந்தாள். கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை.

திரையில் தட்டெழுதினார்: 'உள்ளே ஆள் இருக்கிறார். திற.'

'அசைவு இல்லை. எனவே ஆள் இல்லை.'

'என் கண்ணால் பார்க்கிறேன்.'

'பார்ப்பதைப் பற்றி விதி இல்லை.'

"டீச்சர்!" கதவைக் குத்தினார். அவள் திரும்பவில்லை. கையும் காலும் ஓடாமல் அடித்துவைத்த ஆணிபோல நின்றுவிட்டார்.

இரண்டு நிமிடத்தில் அவர் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது.

'நடைவழி. ஆள் இல்லை.'

தான் அங்கே இருக்கிறோமா என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகம் வந்தது. நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த அசைவில் நடைவழி விளக்கு மறுபடி எரிந்தது.

அப்போது அறைக்குள் ஒரு கை மெல்ல உயர்ந்தது. உள்ளேயும் விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. புருவத்தில் பனி படிந்திருக்க, பிலோமினா வெளியே வந்தாள்.

சந்தியாகு அழுதேவிட்டார். "மொதல்லயே கையை அசைச்சிருக்கக் கூடாதா டீச்சர்? எனக்கு உசுரே போச்சு!"

"கை அசைக்க முடிஞ்சவ வெளிய வந்துருவாண்ணே. மயங்கிக் கெடக்குறவளுக்கு என்ன எழுதி வச்சிருக்கீங்க?"